பட்டெடுக்க வருகிறவர்களே, இருந்து சாப்பிட்டுப் போங்கள்

வேன் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் பட்டெடுக்க வரும் கல்யாண வீட்டாருக்கு,



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வேனிலிருந்து இறங்கும் வரிசை தெரியும். முதலில் ஒரு பெரியவர் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். அடுத்து அத்தைகள், சித்திகள். பிறகு கல்யாணப் பெண், செல்போனில் யாரோ ஒரு நடிகை கட்டிய சேலைப் படத்தோடு. கடைசியாக, பணப்பையை அக்குளில் இடுக்கியபடி பெண்ணின் அப்பா. காலை 10 மணிக்குக் கடைக்குள் போவீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நூறு சேலை பிரித்துப் போடச் சொல்வீர்கள். அரக்கா, மயில்கழுத்தா என்று ஒரு மணி நேரம் வழக்கு நடக்கும். மதியம் 2 மணிக்கு வேனிலேயே உட்கார்ந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு, தட்டை அங்கேயே கடாசிவிட்டு, ஆற்காடு வழியாகச் சென்னைக்கோ, வேலூர் வழியாகப் பெங்களூருக்கோ திரும்பிவிடுவீர்கள்.

இந்த ஊரில் ஒரு வேளை சோறுகூடச் சாப்பிடாமல் போகிறீர்கள். அதுதான் எனக்கு உறுத்தல். ஊருக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள்.

நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அப்பா நாற்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். அம்மா தார் சுற்றியே விரல் தேய்ந்தவர். பாவு பிணைக்க நானும் கற்றேன். பிறகு படித்து, வேறு வேலைக்குப் போய்விட்டேன். கடைக்காரர்களைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. பேரம் பேசாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. பேசாமல் போனால் அவர்களே வருத்தப்படுவார்கள். நான் கேட்பது ஒரே ஒரு நாள். முந்தின நாள் இரவே வந்து தங்குங்கள். விடியற்காலையில் தெருவில் இறங்கி நடங்கள். எங்கள் கடைகளில் சாப்பிடுங்கள். சேலை அதற்கு நடுவில் ஒரு வேலையாக முடியட்டும்.

இப்படிக் கேட்கத் தோன்றியதற்கு ஒரு பெண்தான் காரணம். சில வருஷங்களுக்கு முன்னால், பெரியவர்கள் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தபோது, கல்யாணப் பெண்ணின் தங்கை கழிவறை தேடி எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிட்டாள். போகும்போது தறிச் சத்தம் கேட்டு நின்றாள். "உள்ள வாம்மா" என்றார் அம்மா. ஜன்னலோரத் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஆண்ட்டி, இந்த ஊர்ல ஆறு இருக்காமே, எங்க இருக்கு?" என்று கேட்டாள். "மணலா கெடக்குதே, அதுதாம்மா" என்றார் அம்மா. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறு என்றால் தண்ணீர் என்று நினைத்து வந்திருக்கிறாள், பாவம். அம்மா அவளுக்குச் சமாதானமாக ஒரு கிண்ணம் கூழைக் கொடுத்தார். குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அந்த வேனில் வந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஆரணிக்கு வந்தவள் அவள் ஒருத்திதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அந்த ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குக் கமண்டல நாகநதி என்று பெயர். ஜவ்வாது மலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீர் வழிந்து ஓடியதால் கமண்டல நதி என்பது எங்கள் பக்கத்துக் கதை. அதோடு நாகநதியும் சேர்ந்துகொண்டது. பிறகு செய்யாற்றில் கலந்து, செய்யாறு பாலாற்றில் கலந்து, கடலுக்குப் போகிறது. ஆற்றுக்கு அணியாக இருப்பதால் ஆரணி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கரை தொட்டு ஓடும். மற்ற மாதங்களில் அம்மா சொன்னதுபோல் மணல்தான். அந்த மணலிலும் நிறையப் போய்விட்டது. கருவேல முள்தான் மிச்சம் என்று சொல்லத்தக்க இடங்களும் இருக்கின்றன.

எனவே படகுச் சவாரி, தூண்டில், ஆற்றோர மீன் வறுவல் என்று எதிர்பார்த்து வராதீர்கள். இது மீன்பிடி ஊர் அல்ல. ஆனால் வெளியில் திரியவும் வயிறாரச் சாப்பிடவும் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு நாள் போதாது.

விடியற்காலை 5.30 மணிக்கு எழுந்துவிடுங்கள். சைதாப்பேட்டை, கொசப்பாளையம், ஆரணிப்பாளையம் என்று நெசவுத் தெருக்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. (சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்களுக்கும் ஒரு சைதாப்பேட்டை உண்டு.) பக்கத்து ஊர்களான முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் எல்லாம் தறிச் சத்தம் கேட்டுப் பழகியவைதான். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால், ஏதாவது ஒரு தெருவில் பாவு போட்டிருப்பார்கள்.

பாவு என்பது சேலையின் நீளவாக்கு நூல். ஒரு பாவில் இரண்டு மூன்று சேலைகளுக்கு நூல் இருக்கும். அதைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டுவார்கள். நடுநடுவே கவட்டைக் கம்பு முட்டுக்கொடுத்து நிற்கும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க, குறுக்கே குச்சிகள் செருகியிருக்கும். ஐந்தாறு பேர் இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழையைத் தேடித் தேடி எடுத்து விரல் நுனியால் முறுக்கி ஒட்டுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றை அவர்கள் கண் எப்படிப் பிடிக்கிறது என்பதை, அந்த வீட்டில் பிறந்த எனக்கே விளக்கத் தெரியாது. பிறகு நூலுக்குக் கஞ்சி ஏறும். சோறு வடித்த கஞ்சியின் வாசம்தான் அந்தத் தெருவுக்கு. வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். முற்றிய வெயிலில் நூல் விறைத்துப்போகும். மழைத் தூறல் விழுந்தாலோ, அத்தனை பேரும் ஓடி வந்து பாவைச் சுருட்டுவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்கோ பிரசவ வலி வந்ததுபோல் இருக்கும்.

அந்தத் தெருவில் நடக்க ஒரு ஒழுங்கு உண்டு. பாவைத் தாண்டக் கூடாது, குனிந்துதான் போக வேண்டும். இரண்டு சக்கர வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பட்டு நூல் பளபளக்கிறதே என்று தொட்டுப் பார்க்கக் கூடாது. கைவேர்வை போதும், சாயம் மங்க. படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேளுங்கள். "எடுத்துக்கோங்க" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் எடுத்தால் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனசில் வைத்துக்கொள்வார்கள்.

அதே நேரத்தில் மெயின்ரோட்டில் கம்பெனி பஸ்கள் நிற்பதையும் பார்ப்பீர்கள். செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள், தலை ஈரம் காயாமல் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேராவது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பது என் கணக்கு. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். தறியில் அது இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானே வேலைக்குப் போனவள்தானே. உங்கள் பேத்திக் கல்யாணத்துக்கு இந்தத் தெருவில் பாவு போட ஆள் இருப்பார்களா என்று மட்டும் அந்த பஸ்களைப் பார்க்கும்போது தோன்றும்.

நடந்த களைப்புக்கு இட்லி. எந்தக் கடை என்று பெயர் சொல்ல மாட்டேன். காரணம், நான் சொல்லும் கடை நீங்கள் வரும்போது கைமாறியிருக்கலாம். அங்கே இட்லி கல்லாக இருந்தால் என்னைத் திட்டுவீர்கள். ஒரு வழி சொல்கிறேன். பாவுத் தெருவில் வேலை முடித்துக் கை கழுவும் ஆளிடம், "அண்ணே, நீங்க எங்க சாப்புடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் காட்டுவது ஒரு வீட்டுத் திண்ணையாக இருக்கும். ஒரு அம்மா, ஒரு இட்லிப் பானை, தேங்காய்ச் சட்னி, மூக்கில் நீர் வரவைக்கும் காரச் சட்னி. ஒன்பது மணிக்கு மேல் போனால் மாவு தீர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுக்கால் பாயாவுக்கும் ஆள் நிற்பார்கள். சைக்கிளில் இடியாப்பம் விற்று வருகிறவர் குரல் கேட்டால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது கடைக்குப் போங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு தறியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் எந்தக் கடைக்காரரும் தன் நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போவார். தரையில் தோண்டிய குழியில் கால் மிதி, கையில் நாடா, தலைக்கு மேல் ஜக்கார்டு அட்டை. குழி எதற்கு என்று கேட்டால், மண்ணின் ஈரம் நூலை அறுந்துபோகாமல் காக்கும் என்பார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தைவிடச் சற்று லேசாக, நாள் முழுக்கக் கட்டி நடமாடத் தோதாக இருக்கும் என்பது இதைக் கட்டியவர்கள் சொல்வது. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்று விற்பதும் நாட்டில் நடக்கிறது. கரை வைத்த பட்டுச் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கிவைக்க 1985-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். எனவே சில்க் மார்க்கையும் கைத்தறி முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். நூலின் ஒரு நுனியைக் கொளுத்திப் பார்ப்பது பழைய வழி: அசல் பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். முந்தியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். காலையில் தெருவில் கண்ட விரல்களின் வேலை அங்கேதான் தெரியும்.

மத்தியானம் ஆகிவிட்டதா? புளிசாதப் பொட்டலத்தை டிரைவர் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இருப்பது அரிசி ஊர். பட்டுக்குச் சமமாக ஆரணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நெல். ஊரைச் சுற்றியும் களம்பூர்ப் பக்கமும் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும். நெல் அவிக்கும் புழுங்கல் வாசம் காற்றில் வரும். களத்தில் காயும் நெல்லைக் காலால் கோடு இழுத்துக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். உங்கள் ஊர் மளிகைக்கடையில் ஆரணி அரிசி என்று அச்சடித்த மூட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அரிசியில் வடித்த கஞ்சிதான் காலையில் பாவுக்கும் ஏறியது. நெல்லும் பட்டும் இந்த ஊரில் இரண்டு தொழில் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பானையிலிருந்து வந்தன. மேலே சோறு எங்களுக்கு, வடித்தது நூலுக்கு.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் வாழையிலை போடும் மெஸ்கள் பஸ் நிலையத்தைச் சுற்றி உண்டு. அசைவக்காரர்களுக்குப் பிரியாணி. ஆற்காடு, ஆம்பூர், வேலூர் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் நாக்கும் அந்த வழிதான்: சீரகச் சம்பா, மிளகாய் அரைத்த காரம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம். அந்தத் தொக்குக்கு வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் கிடைத்துவிட்டால் பிரியாணி இரண்டாம் பட்சம்.

எனக்கு விட்டால் உங்களை வீட்டுச் சாப்பாட்டுக்கு இழுப்பேன். கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். களியை மெல்லுகிறவரைப் பார்த்தால் எங்கள் பாட்டி, "பட்டணத்துப் புள்ள" என்று சிரிப்பார். சைவர்களுக்குக் கீரைக் கடைசலும் வேர்க்கடலைச் சட்னியும் உண்டு. எங்கள் மாவட்டம் வேர்க்கடலை விளையும் பூமி. பிடுங்கும் காலத்தில் வந்தால், தோலோடு உப்புப் போட்டு அவித்த கடலை தெருவெல்லாம் கிடைக்கும்.

மீன் இல்லை என்று சொன்னேனே, அதற்கு ஒரு திருத்தம். ஆற்றில்தான் இல்லை. எங்கள் பக்கத்து ஏரிகளில் உண்டு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால், பிறகு தண்ணீர் இறங்க இறங்க, குத்தகைக்காரர்கள் வலை போடுவார்கள். விடியற்காலையில் ஏரிக்கரையிலேயே தராசு வைத்து விற்பார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, அதிர்ஷ்டமிருந்தால் விரால். கெண்டைக்கு முள் அதிகம், ருசியும் அதிகம். மண்சட்டியில் புளியைக் கெட்டியாகக் கரைத்து வைத்த ஏரி மீன் குழம்பை அன்றைக்கே சாப்பிடுகிறவர்களுக்குப் பொறுமை இல்லை என்று அர்த்தம். மறுநாள் காலை இட்லிக்குத்தான் அது குழம்பாகும். உங்களுக்கு மறுநாள் இருக்காது என்பதால்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைப் பக்கம் நடக்கலாம். அந்த மைதானத்தில் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். 1751 டிசம்பரில் இந்த ஊருக்கு வெளியே நெல்வயல்களில் ஒரு போர் நடந்தது. ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, 26 வயது ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராட்டியக் குதிரைப் படையோடு வந்து, ராசா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே மடக்கினார். பீரங்கி செல்லத் தோதான வழி வயலின் ஊடே ஒன்றே ஒன்று. மற்ற இடமெல்லாம் மார்கழிக்கு முந்தைய சேறு. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1782 ஜூனில், கோட்டைக்குள் ஹைதர் அலி சேர்த்து வைத்திருந்த தளவாடங்களைக் குறிவைத்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தார், மறுபடியும் சண்டை. ஒரு காலத்தில் மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர் இது. அவர்கள் கட்டிய அரண்மனை, சத்தியவிஜயநகரம் என்கிற எஸ்.வி.நகரத்தில் சிதிலமாக நிற்கிறது. பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் இன்னொரு மாளிகை. ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடி மாளிகை என்பார்கள். கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. காட்டுப் பகுதி என்பதால், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய் வந்துவிட வேண்டும்.

மாலையில் ஆற்றங்கரைக்கு வாருங்கள். புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோவில் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. தசரதன் பிள்ளை வரம் கேட்டு யாகம் செய்த இடம் என்பது தலபுராணம். கல்யாணப் பெண்ணை அழைத்துப் போனால் அத்தைமார்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அடுத்த வருஷத்துக்கு அச்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிலிலிருந்து இறங்கி மணலில் உட்கார்ந்தால், தண்ணீர் இல்லாத ஆற்றிலும் ஆற்றுக்காற்று வரும். சுண்டலோ, மசால் வடையோ பொட்டலம் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் அந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் டம்ளரையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். வெள்ளம் வரும்போது அடித்துப் போய்விடும் என்று நாங்களும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஆற்றில் போட்டவர்கள்தான். சாயப்பட்டறைத் தண்ணீரையும், ஊர்க் கழிவையும். நாங்கள் போட்டது போதும்.

ஆறு செத்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மேலே, வேலூர் மாவட்டத்திலும் எங்கள் மாவட்டத்திலும் நாகநதிக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் மண்வெட்டி பிடித்தார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஓடைகளிலும் ஆற்றுப்படுகையிலும் நீர் செறிவூட்டும் கிணறுகளையும் தடுப்புகளையும் அமைத்தார்கள். மழைநீர் ஓடி மறையாமல் மண்ணுக்குள் இறங்கியது. வறண்ட கிணறுகளில் தண்ணீர் ஊறியது. 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் அதைச் சொன்ன பிறகுதான் எங்கள் நதியின் பெயர் டெல்லிக்குத் தெரிந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போன அந்தப் பெண்களுக்கு அது முன்பே தெரியும்.

இரண்டாம் நாளும் இருக்க மனசு வந்தால், மேற்கே போங்கள். படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்காமல் எங்கள் பக்கத்துப் பெண்கள் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். இன்றைக்கு வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கோவில் கோவிலாக முளைத்து நிற்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை. எங்கள் ஆற்றைத் தண்ணீரோடு பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். போளூர்ப் பாதையில் திருமலை இருக்கிறது. குன்றின் மேல் 16 அடி உயர நேமிநாதர். அடிவாரத்தில் குந்தவை பெயரால் அமைந்த சமணக் கோவில். கங்கை வரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திர சோழனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் பாறைக் கல்வெட்டு. ஏறி உட்கார்ந்தால் ஏரிகளும் வயல்களும் பச்சைக் கட்டம் போட்ட சேலை விரித்ததுபோல் தெரியும். நெசவுக்காரி கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது? தை முதல் பங்குனி வரை காலை நடைக்குச் சுகம். சித்திரை, வைகாசியில் எங்கள் வெயில் உங்களை வறுத்துவிடும். காலை 9 மணிக்கு மேல் நிழலை விட்டு வெளியே வராதீர்கள். என்னைக் கேட்டால் ஆடியில் வாருங்கள். ஆடியில் யாராவது பட்டெடுப்பார்களா என்று பெரியவர்கள் முறைப்பார்கள். எடுக்க வேண்டாம், பார்க்க வாருங்கள். கடைகளில் கூட்டம் இருக்காது. நெசவாளருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். நிறத்தையும் கரையையும் சொல்லி வைத்துவிட்டுப் போனால், ஆவணி முகூர்த்தத்துக்கோ தை முகூர்த்தத்துக்கோ உங்களுக்கென்றே ஒரு பாவு ஏறும். ஆடி வெள்ளிகளில் படவேடு போகும் பஸ்ஸெல்லாம் மஞ்சள் புடவையாக இருக்கும்.

ஆடி ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். அரிசி ஆலையிலிருந்து வந்த நொய்யைப் பெரிய அண்டாவில் வேகவிட்டு, மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் இரண்டு பேர் மாற்றி மாற்றித் துடுப்புப் போடுவார்கள். ஆறிய பிறகு மோரும் சின்ன வெங்காயமும் சேரும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாடும். பாத்திரம் கொண்டுவராதவர்கள் பூவரச இலையில்கூட வாங்கிக் குடித்த காலம் உண்டு. யார் வீடு, எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையில் நின்றால் ஊற்றுவார்கள். கையில் கடைப் பையோடு நிற்கும் உங்களைப் பார்த்து, "பட்டெடுக்க வந்தீங்களா?" என்பார்கள். "இல்ல, கூழ் குடிக்க வந்தோம்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அண்டாவின் அடியில் கிடக்கும் கெட்டிக் கூழ் உங்களுக்குத்தான்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணுக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. பட்டெடுக்க ஆரணிக்குத்தான் வந்தார்கள். வேன் கடை வாசலில் நிற்பதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவள் மட்டும் இறங்கி வந்து, "ஆண்ட்டி, கூழ் இருக்கா?" என்றாள். அது ஐப்பசி மாதம்; கூழ் இல்லை. அம்மா சுடுசோற்றில் முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கையோடு அதைப் பார்க்க ஓடினாள். சேலையை அவள் அம்மாதான் தேர்ந்தெடுத்தார்.

உங்கள் வீட்டுக் கல்யாணம் நன்றாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
தறிச் சத்தத்தில் வளர்ந்த ஆரணிக்காரி ஒருத்தி

பி.கு.: வேனின் பின்பக்கம் ஒரு மூட்டை அரிசிக்கு இடம் விட்டு வாருங்கள். திரும்பும் வழியில் ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா வாங்க மறக்காதீர்கள். அதை எங்கள் ஊர்ப் பலகாரம் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆற்காட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு தடவை பட்டது போதும்.